ஆன்ட்டி பத்து மார்க் போட்ட ரேஸ்

கார் ரேஸ் பார்க்க எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டால், ரேஸ் பைத்தியம் பிடித்த யாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே. மேல் வரிசையில் உட்கார்ந்தால்தான் ஒன்றரை மைல் டிராக்கும் ஒரே பார்வைக்குள் அடங்கும். கீழே உட்கார்ந்தால் கண்ணெதிரே கார்கள் சர்ரென்று போகும், அதற்கப்புறம் அரை நிமிடத்துக்கு வேலிதான் தெரியும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்தும், நாங்கள் வருடா வருடம் ஒன்பதாவது வரிசையில்தான் உட்கார்ந்தோம். காரணம் ஆன்ட்டி.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பார்சிப்பனியிலிருந்து போன் வரும், "என் பேர வச்சா கத எழுதுத?" என்று. இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். அதற்கு முன் டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். தூத்துக்குடிக்காரர். டாலஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கை நீட்டும்போது கத்தியையும் கத்தரியையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. முப்பத்தோரு வருடம் அதே வேலை.

அவரை ரேஸுக்கு அழைத்துப் போனது ஒரு விபத்து. எங்கள் ரேஸ் கோஷ்டி என்பது நானும் பிரபுவும்தான். பிரபு கோயம்புத்தூர்க்காரன், என்னோடு வேலை பார்ப்பவன். முதல் வருடம் எங்கள் இருவர் மனைவிகளும் கடைசி நேரத்தில் "அந்தச் சத்தத்துக்கு நாங்க வரல" என்று கையை விரித்துவிட, இரண்டு டிக்கெட் மிஞ்சியது. டிக்கெட் வீணாகிறதே என்ற ஒரே காரணத்துக்காக ஆன்ட்டியும் அவர் கணவர் அங்கிளும் ஃபோர்ட் வொர்த் பக்கம் இருக்கும் அந்த டிராக்குக்கு எங்களோடு வேனில் ஏறினார்கள். அங்கிள் போனவுடன் காதுக்கு மூடியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். அதன் பிறகு வந்த எல்லா வருடமும் அதைத்தான் செய்தார். ஆன்ட்டி முதல் பத்து நிமிடம் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்கிற முகத்தோடு இருந்தார்.

பிறகு கார்கள் டயர் மாற்ற உள்ளே வந்தன. அதற்குப் பிட் ஸ்டாப் என்று பெயர். ஒரு காருக்கு ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதிப்பார்கள். ஒருவன் ஜாக்கி வைப்பான், ஒருவன் பெட்ரோல் ஊற்றுவான், மூன்று பேர் டயர்களைக் கழற்றி மாட்டுவார்கள். மூச்சு விட்டு முடிப்பதற்குள் கார் போய்விடும். ஆன்ட்டி காதிலிருந்து விரலை எடுத்தார். எழுந்து நின்றார்.

"ஏ தம்பி, இவங்க என்ன பண்ணுதாங்க?"

நான் விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. "அவன் கேக்கும் முன்ன இவன் குடுத்தாச்சு, பாத்தியா? வாயத் தொறக்கல. அதுக்குப் பேருதான் டீம்" என்றார். அன்றோடு அவருக்கு ரேஸ் என்றால் பிட் ஸ்டாப் மட்டும்தான். யார் முந்துகிறார், யார் ஜெயிக்கிறார் என்பதெல்லாம், டயர் மாற்றுகிறவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் நடக்கும் ஏதோ ஒரு விஷயம். மறு வருடம் ஒரு பைனாகுலரோடு வந்தார். நர்ஸ்கள் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்வார்களே, அந்தச் சின்னக் கடிகாரத்தையும் குத்திக்கொண்டு வந்தார். பிட்டுக்கு நேர் எதிரே ஒன்பதாவது வரிசை வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கவும் வைத்தார்.

சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்த காலம் அது. பிறகு ஒரே நட்டாக மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு போன் செய்து, வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல் பேசினார். "அஞ்சு நட்டுல தாம் தம்பி கை தெரியும். ஒரு நட்டுன்னா நம்ம அங்கிளே மாட்டிருவாவ."

எங்கள் கோஷ்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ரேஸ் முடிந்து வேன் ஃப்ரீவேயில் ஏறியதும், ஒவ்வொருவரும் பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். டிக்கெட் காசு செரித்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. காரணம் சொல்லாமல் மார்க் போடக் கூடாது. பிரபுவின் கணக்கு சுலபம். நாலு கார் மோதினால் எட்டு மார்க், ஒன்று தலைகீழாகப் புரண்டால் ஒன்பது. எத்தனை முறை முதலிடம் கைமாறியது என்று பார்ப்பது என் முறை. நான் ஏதோ பெரிய ரசிகன் என்று அப்போது எனக்கு நினைப்பு. ஆன்ட்டியின் மார்க் எங்கள் இருவருக்கும் நேர் எதிராக இருக்கும். நாங்கள் கொட்டாவி விட்ட ரேஸுக்கு எட்டு போடுவார். நாங்கள் தொண்டை கிழியக் கத்திய ரேஸுக்கு நாலு.

"ஏனுங்க ஆன்ட்டி, கடைசி வளைவுல மூணு வண்டி ஒட்டுக்கா வந்துச்சுங்களே, அதுக்குக் கூடவா அஞ்சு மார்க் இல்ல?" என்று பிரபு அழாத குறையாகக் கேட்பான்.

"பச்ச வண்டிக்காரன் நட்ட கீழ போட்டான். நீ பாக்கல. நான் பாத்தேன்."

பத்து மட்டும் யாருக்கும் போட்டதில்லை. ஒன்பதைத் தாண்ட மாட்டார். "பத்து போட்டா நாளைக்கு வேலைக்கு வர மாட்டாங்க" என்பார்.

கார்கள் மோதும்போது அவர் பார்க்க மாட்டார். பைனாகுலரை மடியில் வைத்துவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் எல்லோரும் எழுந்து கத்துவார்கள், நாங்களும்தான். அவர் குனிந்தபடியே அங்கிள் தொடையைத் தட்டி, "வெளிய வந்துட்டானா?" என்று கேட்பார். அங்கிள் தூக்கத்திலிருந்து விழித்து, எட்டிப் பார்த்து, "வந்துட்டான், கை ஆட்டுதான்" என்ற பிறகுதான் நிமிர்வார். தினமும் ரத்தத்தில் கை வைக்கிறவர் இதற்குப் பயப்படுகிறாரே என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "அது வேல. இது வேடிக்க" என்றார். அதன் பிறகு மோதலுக்குக் கத்தும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கத்தினேன்.

அவருடைய இன்னொரு தொந்தரவு எண்ணுவது. தியேட்டரில் வயிற்றைத் தைப்பதற்கு முன் கத்தரி, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் இரண்டு நர்ஸ்கள் சத்தமாக எண்ண வேண்டுமாம். எண்ணிக்கை சரியாக வந்தால் "கவுன்ட் கரெக்ட்" என்று சொல்வார்கள். அதைச் சொல்லாமல் டாக்டரே ஆனாலும் மூட முடியாது. இந்தச் சட்டத்தை ஆன்ட்டி எங்கள் வேனுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, பிரமாதமான ரேஸ். முடிந்தவுடன் ஓடினால்தான் பார்க்கிங்கை விட்டு வெளியே வர முடியும். பத்து நிமிடம் தாமதித்தால் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஓடி வந்து, மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் வேனில் திணித்துக் கதவை மூடப் போனேன். ஆன்ட்டி கதவில் கை வைத்தார்.

"கரண்டி அஞ்சு கொண்டாந்தோம். நாலுதாம் இருக்கு."

"போனாப் போகுதுங்க ஆன்ட்டி, டாலர் கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றான் பிரபு.

ஆன்ட்டி அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஒண்ணு கொறஞ்சா மூடக் கூடாது" என்றார். அவ்வளவுதான். வேனின் பின்கதவு திறந்தபடியே இருந்தது. நாங்கள் எல்லோரும் மண்டியிட்டு வேனுக்கடியில் தேடினோம். பக்கத்து வண்டிக்கார வெள்ளைக்காரர், நகையோ எதுவோ தொலைந்துவிட்டது என்று நினைத்து டார்ச்சோடு வந்து உதவினார். கரண்டிக்குத்தான் தேடுகிறோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது நிமிடம். கடைசியில் அங்கிள்தான் தயிர்சாத டப்பாவைத் திறந்தார். மிச்சமிருந்த சோற்றுக்குள் கரண்டி முழுசாகப் புதைந்து கிடந்தது. அதன்மேல் மூடியை அழுத்தி மூடிய புண்ணியவான் பிரபு.

ஆன்ட்டி கரண்டியை உயர்த்திக் காட்டினார். "பாத்தியா? உள்ள வச்சு தச்சிட்டான்."

அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் பிரபுவுக்கு டாக்டர் பட்டம். வீட்டுக்கு வந்துசேர மூன்று மணி நேரம் ஆனது. அந்தப் பிரமாதமான ரேஸுக்கு ஆன்ட்டி போட்ட மார்க் ஐந்து.

அவருக்குப் பிடித்தமான ஆள் ஒருவன் இருந்தான். டிரைவர் இல்லை. எந்த ரேஸையும் ஜெயிக்காத ஒரு மஞ்சள் காரின் பின்டயர் மாற்றுகிறவன். வயதில் மற்றவர்களைவிட மூத்தவன். சிவப்பு ஹெல்மெட் போட்டிருப்பான், அதனால் அவனுக்குப் பெயரே சிவப்பு ஹெல்மெட்தான். "அவன் வேகம் ஒண்ணும் பெரிய வேகம் இல்ல. ஆனா அவன் முடுக்குன நட்டு இதுவர கழண்டது இல்ல" என்று ஆன்ட்டி ஏதோ கூட வேலை பார்ப்பவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

எட்டாவது வருடம், ரேஸுக்கு மூன்று நாள் முன்னால், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அங்கிள் வந்தார். வழக்கமாகப் பேசாத மனிதர். அன்று பேசினார்.

"தம்பி, அவகிட்ட கேட்டுராதிய. வலது கை பெருவிரல் மடங்க மாட்டேங்கு. காலைல ஊறுகாய் பாட்டில் கூட நாந்தான் தொறந்து குடுக்கேன். போன மாசம் தியேட்டர்ல ஒரு கருவி கை நழுவிக் கீழ விழுந்துட்டு. ஒண்ணும் ஆகல, டாக்டர் சிரிச்சிட்டாரு. இவதாம் மூணு நாள் தூங்கல."

மேலதிகாரி ஆன்ட்டியிடமே முடிவை விட்டிருக்கிறார். தியேட்டரிலேயே தொடரலாம், அல்லது ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளைத் தயார் செய்யும் அறைக்கு மாறிக்கொள்ளலாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் சொல்ல வேண்டும்.

"இருந்தா என்ன தப்பாயிருமோன்னு பயப்படுதா. விட்டுட்டா தான் யாருன்னே தெரியாமப் போயிருமோன்னு அதுக்கும் பயப்படுதா" என்றார் அங்கிள். தொட்டியை இழுத்து ஓரமாக வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இருக்கிறதே, நான் பார்த்ததிலேயே படுமோசம். முதலில் இரண்டு மணி நேரம் தூறல். டிராக்கைக் காய வைக்கும் வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்ததைத்தான் பார்த்தோம். ஒருவழியாக ஆரம்பித்த பிறகு, ஒரே கார் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, மற்றவர்கள் பெட்ரோலை மிச்சம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். மோதலும் இல்லை, முந்தலும் இல்லை. பிரபு போனில் வேறு ஏதோ கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். ஆன்ட்டி வழக்கம்போல் பைனாகுலரோடு இருந்தார். ஒரே ஒருமுறை, இரண்டாவது பிட் ஸ்டாப் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "முக்கா செகண்ட் லேட்டு" என்று முணுமுணுத்தார். யார் என்று கேட்டேன். பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். எனக்குப் பசி. நாச்சோஸ் என்ற சோளச் சிப்ஸ் வாங்கப் போய்விட்டேன். வரிசை நீளம். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது.

வந்து பார்த்தால் ஆன்ட்டி கடிகாரத்தைச் சட்டையிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். பைனாகுலர் மடியில். கண் கலங்கியிருந்ததா, ரொம்ப நேரம் பைனாகுலர் பிடித்ததில் நீர் கோத்ததா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. நாச்சோஸை நீட்டினேன். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு, அதைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே மீதி ரேஸைப் பார்த்தார்.

வேன் ஃப்ரீவேயில் ஏறியது. மார்க் நேரம்.

"ஒண்ணு. அதுவும் மழை நின்னதுக்கு" என்றான் பிரபு. "அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதீங்க. இந்தக் காசுக்குப் பிள்ளைங்களைக் கூட்டீட்டு எங்காவது நல்ல ஊருக்குப் போயிட்டு வந்திருக்கலாமுங்க."

நான் இரண்டு போட்டேன். அங்கிள் தூக்கம் நன்றாக வந்ததாகச் சொல்லி ஏழு போட்டார். ஆன்ட்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து" என்றார்.

பிரபு பிரேக் போட்டுவிட்டான். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. "பத்தா? எட்டு வருசமா யாருக்கும் போடாத பத்தா? எதுக்குங்க ஆன்ட்டி? காரணம் சொல்லோணும், அதானுங்க ரூல்."

"காரணம் இருக்கு. இப்ப சொல்ல வரல" என்றார். அன்று வீடு வரும்வரை நாங்கள் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினோம். வயதாகிவிட்டது, பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்திருப்பார் என்றெல்லாம் சொன்னேன். அவருக்கு மறுநாள் காலை என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தவன் நான். தெரிந்தும் சொன்னேன். ஆன்ட்டியும் சிரித்தார்.

திங்கட்கிழமை என்ன முடிவு செய்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்காதே என்று அங்கிள் சொன்னது வசதியாகப் போனது. ஐந்து மாதம் கழித்து, பித்தப்பையில் கல் என்று அதே ஆஸ்பத்திரியில் நான் போய்ப் படுத்தேன். சின்ன ஆபரேஷன்தான். எனக்கு மட்டும் அது சின்னதாகத் தெரியவில்லை. ஆன்ட்டி உள்ளே இருப்பார் என்ற ஒரே தெம்பில்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். முதுகுப் பக்கம் திறந்த அந்த அங்கியைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தபோது, திரையை விலக்கிக்கொண்டு ஆன்ட்டியே வந்தார். மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். எட்டு வருடம் பழகிய என்னிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்.

"தெரியாதா ஆன்ட்டி?"

"தெரியும். நீ சொல்லணும்."

சொன்னேன். பிறகு மெல்லக் கேட்டேன். "நீங்க உள்ள வருவீங்கல்ல?"

"இல்ல தம்பி. இப்ப என் வேல இந்த ரூமோட சரி."

என் முகம் எப்படிப் போனதோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கையை என் முன்னால் நீட்டி, பெருவிரலை மடக்கிக் காட்டினார். பாதியில் நின்றுவிட்டது.

"நீ நாச்சோஸ் வாங்கப் போனேல்லா, அப்ப நடந்துச்சு. சிவப்பு ஹெல்மெட்டு ரெண்டாவது ஸ்டாப்புல முக்கா செகண்ட் லேட்டு. யாரும் கவனிக்கல. அந்த வண்டி முப்பதாவதா வந்தாலும் கேக்க ஆளு கெடையாது. அவனே போயி டீம் சீஃப்ட்ட கையக் காட்டுனான். ஹெல்மெட்டக் கழட்டுனான். மொட்டத் தல. நட்டு முடுக்குற மெஷின அடுத்தவன் கைல குடுத்து, அவன் தோள்ல ஒரு தட்டு. நானும் போயிருவான்னுதாம் நெனச்சேன். போகலியே! சுவத்துக்குப் பின்னாலயே நின்னான். ரேஸ் முடியிற வர ஒவ்வொரு டயரா தொடச்சு, நட்ட சரி பாத்து, புது ஆளுக்கு எடுத்து எடுத்து வச்சான். அன்னிக்கு அந்த ரேஸப் பாத்தது நான் ஒருத்திதாம் தம்பி. அதுக்குத்தாம் பத்து."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "அந்த வண்டி எத்தனாவதா வந்துச்சு?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

"உள்ள இருக்கறவங்க எப்படி ஆன்ட்டி?"

"கடிகாரத்த வச்சுப் பாத்துட்டேன். என்ன விட வேகம். எண்ணும்போது மட்டும் கொஞ்சம் அவசரம். அதையும் சொல்லிட்டேன். நீ பயப்படாத."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆன்ட்டி பக்கத்திலேயே என் தோளில் கை வைத்து நடந்து வந்தார். தியேட்டர் கதவுக்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. அந்த இடத்தில் கை தோளை விட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் தாண்டிய கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, "தம்பிக்குப் பத்து விரலும் சரியா இருக்கு, எண்ணித்தான் அனுப்புதேன்" என்று தமிழிலேயே சொன்னார். உள்ளே யாருக்கும் புரியவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது.

அவர் பார்சிப்பனிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் டிக்கெட் வாங்கும்போது, இனிமேலாவது மேலே உட்கார்ந்து முழு டிராக்கையும் பார்ப்போம் என்று பிரபுவிடம் சொல்ல வாயெடுத்தேன். என்னைக் கூப்பிடாதீங்க என்றவன், எனக்கும் சேர்த்து ஒன்பதாவது வரிசையில் வாங்கி முடித்திருந்தான். மஞ்சள் காருக்கு நேர் எதிரே. ரேஸ் அன்று மொட்டைத் தலை ஒன்று சுவருக்குப் பின்னால் டயர் துடைத்துக்கொண்டிருந்தது. பைனாகுலருக்கு நாங்கள் அடித்துக்கொண்டோம்.

ரேஸ் முடிந்து பார்க்கிங்கில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரபு வேனின் பின்னால் நின்று கரண்டிகளை இரண்டு முறை எண்ணினான். ஐந்து. போனை எடுத்து, "கவுன்ட் கரெக்டுங்க ஆன்ட்டி" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டுக் கதவை மூடினான். வண்டியைக் கிளப்புவதற்குள் பதில் வந்துவிட்டது. "தயிர்சாதத்துக்குள்ள பாத்தியா?"

ஐந்தும்தான் கையில் இருந்தனவே. இருந்தாலும் பிரபு இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, டப்பாவின் மூடியை எடுத்துப் பார்த்தான்.